மனையியல் எப்படிப் பிறந்தது, எப்படி நம் ஊருக்கு வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனையியல் படித்தவள், அதையே கற்பித்தவள் என்று தெரிந்ததும் மாணவிகள், பெற்றோர், பிற துறை ஆசிரியர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாய்மொழியாகப் பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும்.

மனையியல்னா சமையலும் தையலும் தானே? அதுக்கு எதுக்கு மூணு வருஷம் காலேஜ்?

சமையலும் தையலும் உண்டு. ஆனால் பாடத்திட்டத்தில் அவை சிறு பங்குதான். இந்தியாவில் இந்தத் துறை பொதுவாக ஐந்து கிளைகளாக நடக்கிறது: உணவும் ஊட்டச்சத்தும், குழந்தை வளர்ச்சியும் குடும்ப உறவுகளும், துணியும் ஆடையும், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி. வள மேலாண்மை என்றால் ஒரு குடும்பத்தின் பணம், நேரம், உழைப்பு, இடம் ஆகியவற்றை ஆராய்வது. விரிவாக்கம் என்றால் ஆய்வகத்தில் தெரிந்துகொண்டதை ஊர் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதற்கு அடிப்படையாக வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், பொருளாதாரம், உளவியல் எல்லாம் படிக்க வேண்டும். பருப்பை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்பது அம்மாவிடமே கற்றுக்கொள்ளலாம். வேகும்போது அதன் புரதத்துக்கு என்ன ஆகிறது, கர்ப்பிணிக்கு அந்தப் பருப்பு மட்டும் ஏன் போதாது என்பதற்குத்தான் கல்லூரி.

இது எங்க, எப்போ ஆரம்பிச்சுது?

ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் வடிவம் பெற்றது அமெரிக்காவில், 19ஆம் நூற்றாண்டில். கேத்தரின் பீச்சர் என்ற ஆசிரியை 1841இல் வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். காற்றோட்டம், உடல்நலம், குழந்தை பராமரிப்பு, சமையலறை அமைப்பு என்று எல்லாவற்றையும் பள்ளியில் கற்பிக்கக்கூடிய பாடமாக அவர் முன்வைத்தார். பெண்கள் வீட்டில் செய்வதற்குப் பயிற்சி தேவை, அது மதிப்புள்ள வேலை என்பது அவருடைய வாதம். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. இந்தத் துறையின் முரண் அதன் முதல் பக்கத்திலேயே இருந்தது. பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இது உதவும்.

அடுத்த திருப்பம் 1862இல் வந்த மோரில் சட்டம். அமெரிக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலம் கொடுத்து, அதில் கிடைக்கும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கச் சொன்னது. அந்தக் கல்லூரிகளில் பெண்களும் சேர்ந்தார்கள். விவசாயி மகனுக்கு மண்ணின் அறிவியல் கற்பித்தால், மகளுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. அயோவா, கான்சாஸ், இல்லினாய் போன்ற இடங்களில் 1870களில் வீட்டு அறிவியல் வகுப்புகள் தொடங்கின. இங்கிலாந்திலும் அதே பத்தாண்டில் லண்டன் தெற்கு கென்சிங்டனில் சமையல் ஆசிரியைகளுக்கான தேசியப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது.

எல்லாப் புத்தகத்திலும் எலன் ரிச்சர்ட்ஸ்னு ஒரு பேர் வருதே, யார் அவங்க?

எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், 1842இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், வேதியியலாளர். எம்.ஐ.டி. என்று நாம் சொல்லும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண். 1870இல் அவரைக் கட்டணம் வாங்காமல் சேர்த்தார்கள். சலுகை என்று அவர் நினைத்தார். ஒரு பெண்ணைச் சேர்த்ததாக யாராவது பிரச்சினை கிளப்பினால் 'அவர் எங்கள் மாணவியே அல்ல' என்று சொல்ல வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 1873இல் அங்கே இளங்கலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் அங்கே அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1876இல் எம்.ஐ.டி.யில் பெண்களுக்கென ஓர் ஆய்வகம் திறக்கப்பட உழைத்தார். அங்கே மளிகைப் பொருள்களில் கலப்படம் சோதித்தார்கள், சுவர்க் காகிதத்தில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1887இல் தொடங்கி மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் ஆறு, ஏரி, கிணற்று நீரைச் சோதிக்கும் பெரிய ஆய்வில் ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவர் கையால், அவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டன. நீரில் இயல்பாக இருக்க வேண்டிய குளோரைடு அளவை ஊர் ஊராகக் குறித்த வரைபடம் அதிலிருந்து வந்தது. ஓரிடத்தில் அளவு மீறினால் அங்கே கழிவுநீர் கலக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். குடிநீர்ப் பரிசோதனையின் முன்னோடி வேலைகளில் இது ஒன்று. மனையியலைத் தொடங்கியவரின் கையில் கரண்டிக்கு முன்னால் சோதனைக் குழாய்தான் இருந்தது என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வது வழக்கம்.

அவ்வளவு பெரிய விஞ்ஞானி ஏன் அடுப்படிப் பக்கம் வந்தாங்க?

நோய் வீட்டில்தான் தொடங்குகிறது என்று அவர் நம்பினார். கெட்ட தண்ணீர், கலப்பட மாவு, சாக்கடை, காற்று வராத அறை, வருமானத்துக்குப் பொருந்தாத உணவு. இதையெல்லாம் தெரிந்து முடிவெடுக்க வேண்டியவள் வீட்டுப் பெண். அவளுக்கோ அறிவியல் கற்றுத்தர ஆளில்லை. பெண்கள் நுழைய முடிந்த கதவு எதுவோ அதன் வழியாக அறிவியலைக் கொண்டுபோவது என்பது அவர் தெரிந்தெடுத்த வழி.

1890இல் மேரி ஹின்மன் ஏபெல் என்பவரோடு சேர்ந்து பாஸ்டனில் 'நியூ இங்கிலாந்து சமையலறை'யைத் தொடங்கினார் (நியூ இங்கிலாந்து என்பது பாஸ்டன் இருக்கும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதி). சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்த சூப்பையும் கஞ்சியையும் மலிவு விலையில் தொழிலாளர் குடும்பங்களுக்கு விற்பது திட்டம். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ரம்ஃபோர்டு சமையலறை என்ற பெயரில் ஒரு சிற்றுண்டிச் சாலையும் நடத்தினார். அங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதிலுள்ள புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, கலோரி எழுதி வைக்கப்பட்டிருந்தன. இன்றைக்கு பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் நாம் படிப்பதை அன்றைக்கு அது பொதுமக்கள் கண்ணில் காட்டியது.

பாஸ்டன் கடை எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அந்தப் பகுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேற்று நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள். அவர்களுக்கு அவர்களுடைய சொந்த ருசி இருந்தது, உப்புச்சப்பற்ற நியூ இங்கிலாந்து உணவு பிடிக்கவில்லை. ஆனால் அதே சமையலறைதான் 1894 முதல் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மதிய உணவு வழங்கியது.

ஒரு தொழிலா, சங்கமா எப்போ ஆச்சு?

1899 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற மலை ஊரில் 11 பேர் கூடினார்கள். நூலகங்களில் புத்தகங்களை எண் போட்டு அடுக்கும் முறையைத் தந்த மெல்வில் டூயியும் அவர் மனைவி ஆனி டூயியும்தான் அழைத்தவர்கள். எலன் ரிச்சர்ட்ஸ் தலைமை ஏற்றார். துறைக்கு என்ன பெயர், பள்ளியில் எந்த வகுப்பில் என்ன கற்பிப்பது, ஆசிரியைகளுக்கு என்ன தகுதி என்பதையெல்லாம் அங்கே பேசினார்கள். 1908 வரை ஆண்டுதோறும் கூடினார்கள்.

1908 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானது. ரிச்சர்ட்ஸ் முதல் தலைவர். 1909இல் சங்கத்தின் ஆய்விதழ் வந்தது. 1911இல் அவர் காலமானார். ஐரோப்பாவிலும் அதே 1908இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் நகரில் அனைத்துலக மனையியல் கூட்டமைப்பு தொடங்கியது, இன்றும் இயங்குகிறது.

இதுக்குப் போய் அரசாங்கம் ஏன் பணம் கொடுத்துச்சு?

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழக அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு நிதி தந்தது. வயலுக்கு ஓர் அலுவலர், வீட்டுக்கு ஓர் அலுவலர் என்று மாவட்டந்தோறும் ஆள் போட்டார்கள். 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், பள்ளிகளில் தொழிற்கல்விக்கு நிதி ஒதுக்கியபோது மனையியலையும் அதில் சேர்த்தது. ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான ஆசிரியை வேலைகள் உருவாயின.

காரணம் அன்பு மட்டும் என்று சொல்ல முடியாது. கிராமங்களிலிருந்து இளைஞர்கள் நகரத்துக்கு ஓடினார்கள். பண்ணை வீட்டின் வாழ்க்கை தாங்க முடியாத பாடாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அரசு நினைத்தது. முதல் உலகப் போர் வந்ததும் உணவைச் சேமிக்கக் கற்றுத்தர ஆள் தேவைப்பட்டது. 1923இல் வேளாண் துறையின் கீழ் மனையியல் பணியகம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற லூயிஸ் ஸ்டான்லி. பெண் விஞ்ஞானிகள் பெருமளவில் அரசு வேலை பார்த்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

டீச்சர் வேலை தவிர வேற என்ன கிடைச்சுது அவங்களுக்கு?

மருத்துவமனை உணவியல் வல்லுநர், பள்ளி உணவகப் பொறுப்பாளர், விரிவாக்க அலுவலர், அரசு ஆய்வாளர் என்று பல வேலைகள். 1920களிலிருந்து பெரிய நிறுவனங்களும் வேலைக்கு எடுத்தன. மாவு, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி விற்கும் நிறுவனங்கள் சோதனைச் சமையலறை வைத்தன. 'பெட்டி கிராக்கர்' என்ற பெயரில் இல்லத்தரசிகளின் கடிதங்களுக்குப் பதில் வந்தது. அப்படி ஒரு பெண்மணி இருந்ததே இல்லை. 1921இல் ஒரு மாவு நிறுவனம் உருவாக்கிய கற்பனைப் பெயர் அது. அதன் பின்னால் இருந்து வேலை பார்த்தவர்கள் மார்ஜரி ஹஸ்டட் போன்ற மனையியல் பட்டதாரிகள். நுகர்வோருக்கு உண்மை சொல்ல வேண்டிய துறை விற்பனைக்குத் துணைபோனது என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அவங்க செஞ்சதுல நாம இன்னைக்கும் பயன்படுத்துறது எதாவது இருக்கா?

நிறைய. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு இரும்பு, இவ்வளவு உயிர்ச்சத்து என்று இப்போது பொட்டலங்களில் சதவீதம் போடுகிறார்களே, அந்தப் பரிந்துரை அளவுகளின் முதல் பட்டியல் 1941இல் அமெரிக்காவில் போருக்கான தயாரிப்பாக வந்தது. அதை உருவாக்கிய குழுவின் முன்னணியில் லிடியா ராபர்ட்ஸ், ஹேசல் ஸ்டீபிலிங், ஹெலன் மிட்சல் என்ற மூன்று பெண்கள் இருந்தார்கள். மூவரும் மனையியல் உலகத்தைச் சேர்ந்தவர்கள்.

ஆயத்த ஆடைகளின் அளவு எண்ணும் அப்படித்தான். 1939, 1940 ஆண்டுகளில் மனையியல் பணியகத்தின் ரூத் ஓபிரையன் குழு சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 அளவுகள் எடுத்துப் பதிவு செய்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை இறுதிக் கணக்கில் சேர்க்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சமையலறையில் அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி மூன்றும் முக்கோணமாக அமைவது நடையைக் குறைக்கும் என்ற கருத்து லிலியன் கில்பிரெத்தின் அசைவு ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. அவர் பொறியாளர், மனையியலாளர் அல்லர். ஆனால் அந்த ஆய்வை மனையியல் கல்லூரிகள் எடுத்து வளர்த்தன.

நிஜக் குழந்தையை வெச்சு காலேஜ்ல பாடம் எடுத்தாங்களாமே? உண்மையா?

உண்மை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1969 வரை 'பயிற்சி வீடு' என்ற ஏற்பாட்டில் மாணவிகள் சில வாரங்கள் தங்கி வீட்டை நிர்வகித்தார்கள். அந்த வீட்டில் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து பெறப்பட்ட ஒரு கைக்குழந்தையும் இருக்கும். மாணவிகள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு குழந்தை தத்துக் கொடுக்கப்படும். வேறு பல கல்லூரிகளிலும் இது நடந்தது. குழந்தைகள் நன்றாக உண்டு, எடை கூடி வளர்ந்தார்கள், தத்தெடுக்கப் பலர் விரும்பினார்கள்.

ஆனால் மாறி மாறி வரும் பல கைகளில் ஒரு குழந்தை வளர்ந்தால் அதன் மனத்துக்கு என்ன ஆகும் என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. குழந்தைக்கு நிலையான ஒருவரின் அரவணைப்பு தேவை என்ற ஆய்வுகள் 1950களில் வலுத்த பிறகு இந்த வழக்கம் தேய்ந்தது. குழந்தை வளர்ச்சியைப் பாடமாக வைத்திருந்த துறையே இதைச் செய்தது என்பது எனக்கு இன்னும் வருத்தம் தரும் விஷயம். மாணவிகளிடம் நான் இதை மறைத்ததில்லை.

இந்தியாவுக்கு எப்படி வந்துச்சு? வெள்ளைக்காரங்க கொண்டுவந்ததா?

ஓரளவு. பள்ளிகளில் தையலும் வீட்டுப் பராமரிப்பும் மிஷனரிகள் காலத்திலேயே உண்டு. பரோடா மன்னர் கெய்க்வாட் 1910களில் ஆன் கில்கிறிஸ்ட் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கரை அழைத்து மனையியல் கல்வியை ஒழுங்குபடுத்தச் செய்தார். ஆனால் உயர்கல்வியாக அதை நிறுத்தியவர்கள் இந்தியப் பெண்கள்தான். 1927இல் புனேயில் முதல் கூட்டத்தை நடத்திய அகில இந்திய மாதர் மாநாடு பெண்கல்விக்கு நிதி திரட்டியது. அதன் விளைவாக 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி பிறந்தது. வைஸ்ராயின் மனைவி பெயரைத் தாங்கியிருந்தாலும், அதை நடத்தியவர்களில் பலர் விடுதலை இயக்கத்தோடு நெருங்கியவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் புலம் உருவானது. அப்போது துணைவேந்தர் ஹன்சா மேத்தா. மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல்லை நீக்கி 'எல்லா மனிதர்களும்' என்று எழுத வைத்தவர் அவரே. அவர் மனையியலைப் பெண்ணை அடக்கும் படிப்பாகப் பார்த்திருந்தால் தன் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டுல யார் ஆரம்பிச்சாங்க?

சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, பெண்கள் கிறித்துவக் கல்லூரி ஆகியவை தொடக்க காலத்திலேயே இந்தப் பட்டப்படிப்பை நடத்தின. 1952-53இல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர் நம் லட்சுமணசாமி முதலியார். அந்தக் குழு உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை ஏழு பிரிவுகளாகப் பிரித்தபோது மனையியலை அறிவியல், வணிகம், வேளாண்மை ஆகியவற்றுக்கு நிகரான தனிப் பிரிவாக வைத்தது.

இந்தத் துறைக்கென்றே ஒரு பெரிய நிறுவனம் கோவையில் எழுந்தது. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் மகளிர் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ். செங்கத்தில் 1919இல் பிறந்து, ராணி மேரியில் படித்து, அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2002இல் மறைந்தார். ஒரு சிற்றூரில் பிறந்த பெண் பல்கலைக்கழகத்தையே வழிநடத்தும் இடத்துக்கு வந்த வரலாறு, மனையியல் படிக்க வரும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்திருக்க வேண்டியது.

சத்துணவுத் திட்டத்துக்கும் மனையியலுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா பெருமைக்குச் சொல்றீங்களா?

பெருமையை உரியவர்களுக்கே கொடுப்போம். பள்ளியில் மதிய உணவு என்பது அரசியல் தலைவர்களின் முடிவு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது நீதிக்கட்சிக் காலம். 1956இல் காமராசர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். என்று அது விரிந்தது.

மனையியலின் பங்கு அந்தச் சாப்பாட்டுக்குள் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு எண்ணெய், சாப்பிட்ட பிறகு எடை கூடியதா, வருகை கூடியதா என்று பார்ப்பது. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை மதிப்பீடு செய்தவர்களில் ராஜம்மாள் தேவதாசும் ஒருவர். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் மேற்பார்வையாளர்களிலும் பயிற்சியாளர்களிலும் மனையியல் பட்டதாரிகள் ஏராளம். அதற்கு முன்பே, 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது, கிராம சேவிகைகள் பயிற்சி பெற்றது மனையியல் பிரிவுகளில்தான்.

அமெரிக்கச் சாப்பாட்டுக் கணக்கு நம்ம இட்லி, களிக்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பதை நம் மண்ணிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் 1896இல் அந்நாட்டு உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். நமக்கு அந்த வேலை நடந்த இடம் நீலகிரியில் உள்ள குன்னூர். ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் சேர்ந்த சீக்கியர் உணவு தின்ற எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு தின்றவை நலிந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளை நூலாக வெளியிட்டார். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து எவ்வளவு, முருங்கைக்கீரையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் நம் மாணவிகள் பார்த்துக் கணக்குப் போட்டது அந்த வழியில் வந்த பட்டியல்களைத்தான். அந்த ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

இருந்தாலும் எண் தெரிந்தால் மட்டும் போதாது. மேலே பாஸ்டன் சமையலறைக்கு நடந்ததைச் சொன்னேன். ஒரு ஊருக்குப் போய், அங்குள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் அதைச் சாப்பிடுகிறார்கள், கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேட்காமல் பட்டியலை நீட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். எங்கள் விரிவாக்க வகுப்புகளில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவோம்.

உண்மையைச் சொல்லுங்க, பொண்ணுங்களை வீட்டுக்குள்ளயே வெக்கத்தானே இந்தப் படிப்பு?

அந்த நோக்கத்தோடு ஆதரித்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். பெண் படித்தால் கெட்டுவிடுவாள் என்று பயந்த தந்தை, மனையியல் என்றதும் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதித்தார். சில பல்கலைக்கழகங்கள் பெண் விஞ்ஞானிகளை வேதியியல் துறையில் சேர்க்காமல் மனையியலுக்குத் தள்ளிவிட்டன. ஆக்னஸ் ஃபே மோர்கன் சிகாகோவில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த இடம் மனையியல்தான். அங்கிருந்தே உயிர்ச்சத்துகளை ஆராய்ந்து, 1949இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கார்வன் பதக்கம் பெற்றார். கார்னெலில் 1911இல் மார்த்தா வான் ரென்சலேர், ஃபுளோரா ரோஸ் இருவரையும் பேராசிரியர் ஆக்கியபோது ஆசிரியர் குழு என்ன தீர்மானித்தது தெரியுமா? பெண்களைப் பேராசிரியராக்குவதைப் பொதுவாக ஆதரிக்கவில்லை, மனையியலில் மட்டும் ஆட்சேபம் இல்லை என்று.

அந்தத் தீர்மானத்தில் துறையின் முழு வரலாறும் இருக்கிறது. அதே படிப்பு பெண்களை உள்ளே விட்டது, அங்கேயே நிறுத்தியும் வைத்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணியர்கள் இதைக் கடுமையாகச் சாடினார்கள், சங்கத்தின் மாநாட்டுக்கே வந்து பேசினார்கள். நம் நாட்டில் மத்திய அரசின் கல்விக் குழுவான கோத்தாரி குழு 1966இலேயே மனையியல் விருப்பப் பாடமாக இருக்கட்டும், பெண்களுக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. என் நிலைப்பாடு இதுதான்: பெண்ணுக்கு மட்டும் என்று கட்டாயப்படுத்தியது தவறு. வீட்டு வேலையை அறிவியலாகப் பார்த்ததில் தவறே இல்லை. முதலாவதைக் கண்டிக்கும்போது இரண்டாவதையும் தூக்கி எறிகிறார்கள், அதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரிதான் கிடைச்சுதா இந்த வாய்ப்பு?

இல்லை. அமெரிக்காவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளில், மனையியல் என்ற பெயரில் சிறுமிகளுக்குக் கற்பித்தது பெரும்பாலும் பிறர் வீட்டு வேலை. கறுப்பினப் பெண்களையும் பணிப்பெண்களாக்கும் நோக்கம் பல இடங்களில் இருந்தது. அந்தச் சூழலிலிருந்துதான் ஃபிளெமி கிட்ரெல் வந்தார். 1936இல் கார்னெலில் முனைவர் பட்டம், பிறகு வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் அல்ல) பேராசிரியர். 1950இல் இந்தியாவுக்கு வந்து, மேலே சொன்ன பரோடா மனையியல் புலத்தை அமைக்க உதவியவர்களில் அவர் ஒருவர். தன் நாட்டில் பல உணவகங்களில் நுழைய முடியாத பெண், நம் நாட்டில் ஊட்டச்சத்துக் கல்வியைக் கட்ட வந்தார். இந்தியாவில் மனையியல் கற்பிப்போரிடம்கூட இவர் பெயர் அதிகம் புழங்கவில்லை. அது மாற வேண்டும்.

என் பையன் படிக்கலாமா? கேலி பண்ணுவாங்களே.

தாராளமாக. ஜப்பானில் 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் மனையியல் ஆண், பெண் இருவருக்கும் கட்டாயம் ஆனது. அதற்கு முன் அங்கேயும் பெண்களுக்கு மட்டும்தான். இலங்கையில் மனைப்பொருளியல் என்ற பெயரில் சாதாரண தரம், உயர்தரம் என்ற இரு பள்ளிப் பொதுத்தேர்வு நிலைகளிலும் இது பாடமாக இருக்கிறது. நம் ஊரில் உணவியல், உணவுப் பதப்படுத்தல் போன்ற பிரிவுகளில் பையன்கள் சேர்கிறார்கள். குழந்தை வளர்ச்சிப் பக்கம் இன்னும் தயங்குகிறார்கள். சேர்ந்தால் நல்லது. தந்தையாகப் போகிறவனுக்கும் அது தெரிய வேண்டியதுதானே.

ஏன் அடிக்கடி பேரை மாத்துறாங்க? வெட்கப்படுறாங்களா?

கொஞ்சம் வெட்கமும் உண்டு என்றே நினைக்கிறேன். கார்னெல் கல்லூரி 1969இல் 'மனிதச் சூழலியல்' ஆனது. அமெரிக்கச் சங்கம் 1994இல் 'குடும்பம், நுகர்வோர் அறிவியல்' என்று மாறியது. இந்தியாவில் வேளாண் பல்கலைக்கழகங்களின் மனையியல் கல்லூரிகள் அண்மையில் 'சமுதாய அறிவியல்' ஆயின, மதுரையில் இருப்பதும் அவற்றில் ஒன்று. 'மனை' என்ற சொல்லைக் கேட்டதும் முதல் கேள்வியில் உள்ளதைப் போல எல்லோரும் நினைப்பதால்தான் இந்த மாற்றம்.

இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஊட்டச்சத்து ஒரு பக்கம், ஆடை வடிவமைப்பு ஒரு பக்கம், உள் அலங்காரம் ஒரு பக்கம் என்று கிளைகள் தனித்தனியாகப் போய்விட்டன. ஒரு குடும்பத்தின் சாப்பாடு, வருமானம், வீடு, குழந்தை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை எந்தத் துறையிலும் இப்போது முழுமையாக இல்லை.

இப்போ சேர்ந்தா வேலை கிடைக்குமா? கடைசியா இதை மட்டும் சொல்லிடுங்க.

கிளையைப் பார்த்துச் சேருங்கள். உணவியலில் ஆர்வம் இருந்தால் மருத்துவமனை வேலைக்கு முதுகலையும் உள்ளுறைப் பயிற்சியும் வேண்டும், இளங்கலையோடு நிறுத்தினால் வாய்ப்பு குறைவு. அரசுப் பணி நோக்கம் என்றால் குழந்தை வளர்ச்சித் திட்டப் பணியிடங்களுக்கான அறிவிக்கையில் என்னென்ன பட்டங்களை ஏற்கிறார்கள் என்று படித்துவிட்டுப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பெயர் மாற்றத்தால் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். பட்டச் சான்றிதழில் வரும் பெயர், அறிவிக்கையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று சேரும் முன்பே கல்லூரியில் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள்.

விரிவாக்கம் படித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுப் பணிகளிலும் இடம் இருக்கிறது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆய்வகம் உள்ள கல்லூரியா, ஆண்டுக்கு எத்தனை நாள் கிராமத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்ற இரண்டையும் நேரில் போய் விசாரித்த பிறகு பணம் கட்டுங்கள்.